வைப்புக்காரரின் பொறாமை

எங்கள் ஊரில் பொறாமைப்பட ஆளுக்கொரு காரணம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரன் மாடி எடுத்தால் பொறாமை. நாத்தனார் மகள் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போனால் பொறாமை. சீட்டு விழுந்தவள் புதுத் தங்கமாலை போட்டு வந்தால் நாலு நாள் தூக்கம் வராது. இதெல்லாம் எனக்குப் புரிகிற பொறாமைகள், நானும் பட்டிருக்கிறேன். பிரஷர் பார்க்கிற டாக்டர் மேல் ஒரு மனிதர் பொறாமைப்பட்டு நான் பார்த்தது கிருஷ்ணன்குட்டி மாமாவைத்தான். அதுவும் பேரன் எடுத்த வயதில்.

மாமாவைத் தெரியாதவர்கள் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் கிடையாது. கல்யாணச் சமையல் அவருக்குத் தொழில். இங்கே அதற்கு வைப்புக்காரர் என்பார்கள். மண்டபத்துக்குப் பின்னால் அடுப்பில் உருளியை ஏற்றிவிட்டு, தலையில் துவர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் நின்றால், பெண்ணின் அப்பாவே பக்கத்தில் போகப் பயப்படுவார். மாப்பிள்ளை முகம் மறந்துபோனவர்களுக்கும் மாமா வைத்த அடைப்பிரதமன் பாயசம் மறக்காது. இதை நாம் சொல்லவேண்டிய தேவையில்லை, அவரே சொல்லிக்கொள்வார்.

நான் அவருக்குப் பக்கத்து வீடு. காலையில் ஜெயச்சந்திரன் டாக்டர் வீட்டில் டோக்கன் கொடுக்கிற வேலை எனக்கு. டாக்டர் சர்க்கார் ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துபோனாள், பிள்ளைகள் தூரத்தில். வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்கிறார். கார் நிறுத்துகிற ஷெட்டில் பெஞ்சு போட்டு ஆட்களை உட்கார வைத்திருப்பதால் அவருடைய கார் வெயிலிலும் மழையிலும் வெளியே கிடந்து நனையும். நெய்யாற்றின்கரைக்குப் போனால் லிஃப்ட் வைத்த ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆனாலும் ஜனம் இங்கேதான் வருகிறது.

அதற்குக் காரணம் மருந்து என்று நான் நினைக்கவில்லை. டாக்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. குழாயைக் காதில் மாட்டுவதற்கு முன்னால், “இண்ணைக்கு என்ன சாப்பாடு?” என்று கேட்பார். யார் வைத்தது, பிடித்ததா, இல்லையென்றால் வேறு என்ன பிடிக்கும் என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டிருப்பார். வெளியே பெஞ்சில் இருமிக்கொண்டிருக்கிறவர்கள் என்னை முறைப்பார்கள். நான் என்ன செய்ய? அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே பாதிப் பேர் தலைவலியை உண்டாக்கிக்கொண்டு வருகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

யாரும் வெறுங்கையோடும் வரமாட்டார்கள். பூவாரிலிருந்து ஜேனட் அக்கா வந்தால் வாழையிலையில் பொதிந்த மீன் வரும். காட்டாக்கடைக்காரர் ஒருவர் ஏத்தன் வாழைக்குலையைத் தோளில் சுமந்து வருவார். டாக்டர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்து, கடைசியில் வாங்கி எனக்கும் ஒரு பங்கு கொடுத்துவிடுவார். அந்த வகையில் என் வீட்டு அடுப்புக்குப் பாதி வேலை மிச்சம்.

மாமாவின் மனைவி விஜயம்மா மாமி ஒருநாள் துணி காயப்போடும்போது தலைசுற்றி விழுந்தாள். நான்தான் ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மாமா அப்போது ஏதோ ஒரு மண்டபத்தில் அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பிரஷரும் சுகரும் இருப்பதாகத் தெரிந்தது. மாதம் ஒருமுறை வரச்சொன்னார் டாக்டர். மாமியும் தவறாமல் போக ஆரம்பித்தாள். மாமாவுக்குச் சனி பிடித்தது அங்கேதான்.

அதுவரை அந்த வீட்டில் அடுப்படி மாமாவுடையது. வேலையில்லாத நாளில் அவரே நின்று வைப்பார். வேலையுள்ள நாளில் பந்தி முடிந்து மிஞ்சிய அவியலும் சாம்பாரும் பிரதமனும் தூக்குவாளியில் வீட்டுக்கு வரும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமி கரண்டி பிடித்து யாரும் பார்த்ததில்லை. ஊரில் எங்கள் எல்லாருக்கும் அவள் மேல் வயிற்றெரிச்சல். என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு கட்டன்சாயா போட்டுத் தந்ததில்லை. கொடுத்து வைத்தவள், குந்தித் தின்கிறாள் என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன்.

டாக்டரிடம் போய்வந்தபின் மாமி தூக்குவாளியைத் திறக்காமல் வைத்தாள்.

“பிரதமன் வேண்டாம். டாக்டர் சொன்னாரு.”

“ஒரு கரண்டி குடி விஜயம்மே. எனக்க கையாலே கிண்டினதாக்கும்.”

“தேங்காப்பாலு ஆகாது. டாக்டர் சொல்லியிருக்காரு.”

சாம்பாரும் ஆகாது, எரிசேரியும் ஆகாது, மாமா புதிதாக வைத்துக் கொடுத்த பருப்பும் ஆகாது. எல்லாம் டாக்டர் சொன்னது. மாமி அடுப்படிக்குப் பின்னால் இருக்கிற வொர்க் ஏரியாவில் ஒற்றை அடுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு தனக்கு மட்டும் கஞ்சி வைத்துக் குடிக்க ஆரம்பித்தாள். மாமா அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. “சீக்காளி குடிக்குத தீனக்காரக் கஞ்சி. அதுக்க வாசனை பட்டாலே எனக்கு ஓக்காளம் வருது” என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்குக் கேட்கும்படி சொல்லுவார். ஊருக்கே சோறு போடுகிற மனிதர் தன் வீட்டில் தனியாக ஒரு இலையைப் போட்டுத் தனியாகத் தின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அவருக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு பெண் தன் புருஷன் வைத்ததைத் தள்ளி வைக்கிறாள், எவனோ ஒருத்தன் சொன்னதை வேதமாக எடுத்துக்கொள்கிறாள் என்றால் எந்த வைப்புக்காரருக்குத்தான் பொறுக்கும்?

“அந்தாளுக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியுமா? குழாய வச்சு உப்புப் பாப்பானோ?” என்று என்னிடம் கேட்டார்.

“அவருக்குத் தெரிஞ்ச வேலையை அவரு பாக்காரு மாமா. அவரு மேல உங்களுக்கு எதுக்கு இந்தப் பொறாமை, கண்ணுகடி?”

“கண்ணுகடியா? எனக்கா? போ பிள்ளே!”

ஆனால் மறுநாளே சுவரோரம் வந்து நின்றார். “அவ உள்ள போனா எவ்வளவு நேரம் இருப்பா?” என்றார். “எல்லாரும் இருக்குத நேரந்தான்” என்றேன். “சந்தைக்குப் போம்பம் போடாத பவுடர அந்தாளப் பாக்கப் போம்பம் என்னத்துக்குப் போடுதா?” என்றார். “உள்ள இருந்து சிரிப்புச் சத்தம் கேக்குமா?” என்றார். கேட்கும். மாமி அங்கே நன்றாகவே சிரிப்பாள். அதை நான் சொல்லவில்லை. “வயித்தெரிச்சலுக்கும் டாக்டர் மருந்து தருவாரு மாமா, டோக்கன் போடட்டா?” என்றேன். துவர்த்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் மனதில் வேறு கெட்ட நினைப்பு ஒன்றுமில்லை, அதையும் சொல்லவேண்டும். மாமி மறுபடி தன் கையால் வைத்ததைத் தின்னவேண்டும், நல்லா இருக்கு என்று சொல்லவேண்டும். அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். மாமாவின் பிள்ளைகள் போனில் கூப்பிட்டு, சும்மா இருங்கள் அப்பா, அம்மா உடம்புக்கு நல்லதுதானே என்றார்கள். நல்லதாகவும் இருந்தது. மாமி முகம் தெளிந்து நடை வேகமாகிவிட்டது. மாமாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. தான் போட்ட சோற்றில் வராத தெளிச்சம் வெறும் கஞ்சியில் வந்தால் யாருக்குப் பிடிக்கும்?

அப்படியிருக்கும்போது காஞ்சிரங்குளத்தில் சோமன் மகள் நந்தனாவின் கல்யாணம் வந்தது. சமையல் மாமாவுடையது. நானும் போயிருந்தேன். டாக்டரும் வந்திருந்தார். டாக்டர் பந்தியில் உட்கார்ந்ததை மாமா எப்படித்தான் பார்த்தாரோ, அடுப்படியை விட்டு அவரே பிரதமன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வைப்புக்காரர் பந்திக்கு வந்து இலையில் விளம்புகிற வழக்கம் இல்லை. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா டாக்டரின் இலையில் பிரதமனை ஊற்றினார். டாக்டர் பப்படத்தை நொறுக்கிப் போட்டுக் குடித்தார். கையைக் கூட எடுக்கவில்லை, “இன்னும் கொஞ்சம் ஆகலாம்” என்றார். மாமா இரண்டாம் தடவையும் ஊற்றிவிட்டு, தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் தூக்குவாளியோடு வீட்டுக்குள் நுழையும்போதே அவர் குரல் எனக்குக் கேட்டது.

“விஜயம்மே! உனக்க டாக்டரு எனக்க பிரதமன ரெண்டு மட்டம் வாங்கிக் குடிச்சாரு. ரெண்டு மட்டம்! இப்ப என்ன சொல்லுத?”

மாமி அவசரப்படாமல் பதில் சொன்னாள். “பாவம் மனுஷன். வச்சவங்க மனசு நோவப்பிடாதுண்ணு குடிச்சிருப்பாரு.”

தூக்குவாளி தரையில் மோதுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மாமா சுவரோரம் வந்தார். “நாளைக்கு எனக்கு ஒரு டோக்கன் போடு. அந்தாளுகிட்ட நேரில் ரெண்டு கேக்கணும்.”

மறுநாள் வெள்ளை வேட்டி உடுத்தி, நெற்றியில் சந்தனம் தொட்டு வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை, முறை வருகிறவரை நின்றுகொண்டே இருந்தார். ஜேனட் அக்கா “என்ன தீனம் அண்ணா?” என்று கேட்டதற்கு, “எனக்கில்ல, அவருக்காக்கும்” என்று முன்னறையைக் காட்டினார். டாக்டர் அறைக்குக் கதவு இருந்தாலும் பகலில் திரைச்சீலைதான் தொங்கும். என் நாற்காலி அதற்குப் பக்கத்தில். காதைக் கழற்றி வைக்கவா முடியும்?

“வாங்க கிருஷ்ணன்குட்டி, இருங்க. கையை நீட்டுங்க. இண்ணைக்கு என்ன சாப்பாடு?”

“சாப்பாட்டப் பத்தித்தான் சார் கேக்க வந்தேன். எனக்க வீட்டுக்காரிக்குப் பாயசம் ஆகாது, தேங்கா ஆகாது, நான் வச்ச ஒண்ணுமே ஆகாதுண்ணு சொல்லிப்போட்டீங்க. நீங்க மட்டும் ரெண்டு மட்டம் வாங்கிக் குடிக்கலாமோ? உங்களுக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயமா?”

பிரஷர் பட்டைக்குக் காற்றடிக்கிற பம்பின் சத்தம் நின்றது.

“நான் அப்படிச் சொல்லலியே” என்றார் டாக்டர். “உப்பைக் குறைக்கச் சொன்னேன். மாத்திரையை ஒழுங்கா விழுங்கச் சொன்னேன். விசேஷத்துக்கு ஒரு கரண்டி பாயசம் குடிச்சா ஒண்ணும் வராதுண்ணும் சொன்னேன்.”

டாக்டருக்கு அப்போதுதான் ஏதோ ஞாபகம் வந்திருக்க வேண்டும். பொய் சொல்லிச் சமாளிக்கிற சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது.

“கோபப்படாதீங்க கிருஷ்ணன்குட்டி. விஜயம்மா முதல் நாள் வந்தப்போ என்ன சாப்பிடப் பிடிக்கும்ணு கேட்டேன். முதல்ல, எனக்கா சார்ண்ணு திருப்பிக் கேட்டாங்க. அப்புறம், தினமும் கல்யாணச் சாப்பாடு தின்னு வாய் சலிச்சு மடுத்துப்போச்சு சார், கொஞ்சம் கஞ்சியும் பயறும் போதும்ணு சொன்னாங்க. நான் சொன்னா அவருக்குச் சங்கடமாயிரும், நீங்க சொன்னதாச் சொல்லிக்கிடட்டாண்ணு கேட்டாங்க. ரோகி இச்சிச்சதும் பாலு, வைத்தியன் கல்பிச்சதும் பாலு, ஆசைப்பட்டதே மருந்தா வந்துதுண்ணு சொல்லுவாங்கல்லா? நானும் சரிண்ணுட்டேன்.”

டாக்டருக்கு அவரைத் தேற்றவேண்டும் என்று தோன்றியிருக்கும். பாவம், வாயைத் திறந்து இன்னும் கெடுத்தார்.

“உங்களுக்கு என்ன குறை? இந்தப் பலாச் சக்கக்குருவும் மாங்காயும் போட்ட கறியை இந்த ஜில்லாவிலே இப்படி யாரும் வச்சு நான் தின்னதில்ல. இது உங்களுக்கு நினைச்ச நேரம் கிடைக்குதே. உள்ளதைச் சொன்னா எனக்கு உங்க மேல அசூயைதான்.”

நான் திரையின் ஓரமாகப் பார்த்தேன். டாக்டர் மேசையின் ஓரத்தில் இருந்த எவர்சில்வர் பாத்திரத்தைக் கையால் காட்டிக்கொண்டிருந்தார். அதன் மூடியில் கிருஷ்ணன்குட்டி என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. மண்டபத்தில் மாறிப்போகாமலிருக்க மாமா தன் பாத்திரங்களில் எல்லாம் பெயர் வெட்டி வைத்திருப்பார். மாமி வாரம் ஒருமுறை ஏதாவது வைத்து டாக்டருக்குக் கொடுத்தனுப்புவாள். கொண்டுவருகிறவள் நான்தான். ஒளித்துக் கொண்டுவந்ததில்லை. மாமா தீனக்காரக் கஞ்சியின் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பாத்திரம் போய்வருவதும் அவர் கண்ணில் படவில்லை.

மாமா மூடியில் இருந்த தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா சார்” என்றார். “தினமும் உண்டு.”

“பிரஷர் கொஞ்சம் கூடுதலா இருக்கே” என்றார் டாக்டர்.

மாமா மருந்துச் சீட்டையும் வாங்காமல் வெளியே வந்தார். என்னைக் கடந்து போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. ஜேனட் அக்கா “டாக்டர் என்ன சொன்னாரு?” என்று கேட்டதும் அவர் காதில் விழவில்லை.

மத்தியானம் நான் காலிப் பாத்திரத்தைக் கொடுக்க மாமி வீட்டுக்குப் பின்பக்கமாகப் போனேன். மாமா வொர்க் ஏரியாவின் படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வந்ததே அன்றைக்குத்தான். ஒற்றை அடுப்பின் மேல் ஒன்றுமில்லை. சட்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

“ஒரு வாய் கூட மிச்சமில்லியா?”

“இல்லியே” என்றாள் மாமி. “எனக்கும் டாக்டருக்கும் உள்ளதத்தான் வைப்பேன். உங்களுக்கு அது வாசனையே பிடிக்காதே.”

நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். கால் நகரவில்லை.

“வாய் மடுத்துப்போச்சுண்ணு அந்தாளுகிட்டச் சொல்லத் தெரிஞ்சுது. எனக்கிட்டச் சொல்லப்பிடாதா?” மாமா கவிழ்த்திருந்த சட்டியைப் பார்த்துக் கேட்டார். “அந்தாளு யாரு உனக்கு? நான் யாரு?”

மாமி கொஞ்சம் திகைத்தாள். டாக்டர் சொல்லிவிட்டார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனால் கண்ணைக் கசக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

“அவரு கேட்டாரு” என்றாள்.

“நான் கேக்கலியா? தூக்குவாளியத் திறக்கும்போதெல்லாம் எப்பிடி இருக்கு, எப்பிடி இருக்குண்ணு கேப்பேனே!”

“கேப்பீங்க. நல்லா இருக்குண்ணு நானும் சொல்லுவேன். நல்லாத்தானே இருந்தது. யாரோட கல்யாணத்துக்கோ வச்சது, அதுக்கு என்ன குறை? எனக்கு என்ன வேணும்ணு நீங்க ஒருநாளும் கேக்கலியே.”

சண்டை போடுகிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. காய்ந்த துணியை எடுக்கவேண்டும் என்பது மாதிரிச் சொல்லிவிட்டு, என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் இத்தனை காலம் கொடுத்து வைத்தவள் என்று பொறாமைப்பட்ட பெண் ஊரார் வீட்டுக் கல்யாணத்தில் மிஞ்சியதைத்தான் தின்று வந்திருக்கிறாள் என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மாமா படியிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாளைய கல்யாணத்துக்காரர்கள் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், எடுக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து “ஷீஜா” என்று குரல் வந்தது. போனேன்.

“மக்களே, நீ தின்னிருக்கியா? அவ வைக்குத கறி?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு அந்த நல்ல குணம் கிடையாது.

“உண்டு மாமா. டாக்டர் எனக்கும் பங்கு வைப்பாரு.”

“அப்ப நீயும் தின்னாச்சு.” ஒருமுறை எச்சில் விழுங்கினார். “எப்பிடி இருக்கும்?”

ஆயிரம் பேருக்கு இலை போடுகிற மனிதர் தன் வீட்டுக்காரியின் கறி எப்படி இருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்கிறார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சக்கக்குரு வெந்து உடைந்தும் உடையாமலும் இருக்கும் என்றேன். மாங்காய்ப் புளி முதலில் தெரியாது, விழுங்கின பிறகு நாக்கின் ஓரத்தில் வந்து நிற்கும் என்றேன். தேங்காய் கொஞ்சமாகத்தான் அரைப்பாள் என்றேன்.

“கடைசியிலே தேங்கா வெளிச்செண்ணெய் பச்சையா ஊத்துவாளா, தாளிப்பாளா?”

“அது எனக்குத் தெரியாது. மாமிகிட்டக் கேளுங்களேன், அஞ்சடி தூரத்துல இருக்காங்க. நாளைக்கு எனக்கும் சேத்து வைண்ணு சொல்லுங்க. மாட்டேன்னா சொல்லப்போறாங்க?”

“இப்பக் கேட்டா அந்தாளப் பாத்துப் படிச்சுட்டுக் கேக்கேண்ணு நினைப்பா.” துவர்த்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குள் மாமி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி நடமாடிக்கொண்டிருந்தாள். மாமா அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு சுவர் மேல் குனிந்து, அவளுக்குக் கேட்காதபடி சொன்னார்.

“நாளைக்கும் எனக்கொரு டோக்கன் எடுத்து வை. சண்டைக்கில்ல. எனக்க வீட்டுக்காரிக்கு வேற என்னவெல்லாம் பிடிக்கும்ணு அந்தாளுகிட்டக் கேட்டுட்டு வாறேன்.”